ஏஐஎக்ஸ் எல்பாருக்கு 8 ஜிபி மெமரி கூட்டினால் ‘ஆர்எம்சி இணைப்பு இல்லை’ என்கிறது எச்எம்சி

ரீபூட் தேவையில்லை. மெமரியில் கோளாறும் இல்லை. எச்எம்சியும் (ஐபிஎம் பவர் சர்வர்களை நிர்வகிக்கும் கன்சோல்) எல்பாரும் (அந்த சர்வரைப் பிரித்து, ஐபிஎம்மின் யுனிக்ஸான ஏஐஎக்ஸ் ஓடும் ஒரு பகுதி) பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அவை பேசிக்கொள்ளும் வழிதான் ஆர்எம்சி. பெரும்பாலும் நடுவிலுள்ள ஃபயர்வால் 657-ஆம் போர்ட்டை அடைத்திருக்கும். டிசிபி, யுடிபி இரண்டும் இரு திசையிலும் திறந்திருக்க வேண்டும். டிசிபியை மட்டும் திறந்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்பார்கள் நெட்வொர்க்காரர்கள், நம்பாதீர்கள்.

எச்எம்சியில் ‘எல்எஸ்பார்ட்டிஷன்’ கமாண்டை ‘-டிஎல்பார்’ சேர்த்து ஓட்டுங்கள். உங்கள் எல்பார் வரியில் ‘ஆக்டிவ்’ 1 என்றும், ‘டிகேப்ஸ்’ (ஓடும்போதே மெமரி போன்றவற்றை மாற்றும் திறனைக் காட்டும் எண்) பூஜ்யம் அல்லாமலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் போர்ட்டைத் திறந்தபின் எல்பாரில் ‘ஆர்எம்சிசிடிஆர்எல்’ கமாண்டை ரூட்டாக, சின்ன இசட் (-z), பெரிய ஏ (-A), சின்ன பி (-p) என்ற வரிசையில் ஒரு முறைக்கு ஒன்றாக மூன்று முறை கொடுத்து, சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

இணைப்பு வந்தாலும் ப்ரொஃபைலிலுள்ள (எல்பாரின் அமைப்புகள் எச்எம்சியில் சேமிக்கப்பட்ட பதிவு) மேக்ஸிமம் மெமரியைத் தாண்ட முடியாது. அதை உயர்த்த எல்பாரை முழுதாக நிறுத்தி, ப்ரொஃபைலோடு மறுபடி ஆக்டிவேட் செய்தே ஆகவேண்டும்.