யூவி லைட் போட்டும் புள்ளி ஏன் திரும்பி வருது? உப்புத்தண்ணி டேங்க் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, கொளத்தூர்ல இருந்து எழுதறேன். 250 லிட்டர் உப்புத்தண்ணி டேங்க் வச்சிருக்கேன், லைவ் ராக் (நுண்ணுயிர் வாழ்ற கடல் கல்லு), கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மெதுவான பவளம்), ரெண்டு க்ளவுன் மீன், ஒரு ப்ளூ டாங் மீன். டாங் மேல உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வந்துச்சு. கடைல 9 வாட் யூவி, அதான் குழாய்க்குள்ள ஓடற தண்ணில புற ஊதா வெளிச்சம் அடிச்சு கிருமியக் கொல்ற கருவி, அதைப் போட்டா போயிடும்னாங்க. மணிக்கு 2000 லிட்டர் தள்ளுற ரிட்டர்ன் பம்ப் (ஃபில்டர் தண்ணிய டேங்குக்குத் திருப்பி அனுப்பற பம்ப்) லைன்லயே மாட்டிட்டேன். நாலே நாள்ல புள்ளி போயிடுச்சு. பத்து பன்னெண்டு நாள் கழிச்சு முன்னவிட ஜாஸ்தியா வந்திருக்கு, க்ளவுன்லயும் இருக்கு. 18 வாட் வாங்கவா?

பதில்: வேணாம் தம்பி, இப்ப வாங்காதீங்க. அந்தக் காசு மீனைக் காப்பாத்த வேற விதத்துல தேவைப்படும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த நாலு நாள்ல புள்ளி போனது யூவியால இல்ல. உங்க மீனுக்கு வந்திருக்கறது பெரும்பாலும் கிரிப்டோகேரியான்ங்கற ஒட்டுண்ணி, நல்லதண்ணி மீனுக்கு வர்ற வெள்ளைப்புள்ளிக் கிருமி வேற, இது வேற. இது மீன் தோலுக்கு அடியில போய் உக்காந்து மூணுல இருந்து ஏழு நாள் வரைக்கும் தின்னும், அப்புறம் தானாவே கழண்டு கீழ விழும், மணல்லயோ கல்லுலயோ ஒட்டிக்கிட்டு சுத்தி ஒரு கூடு கட்டிக்கும். புள்ளி போயிடுச்சுன்னு நாம நிம்மதியா இருக்கற நாள் இருக்கு பாருங்க, அப்பதான் அது கூட்டுக்குள்ள பல மடங்கா பெருகிட்டு இருக்கு. ஒரு கூடு உடைஞ்சா இருநூறு குஞ்சு வரைக்கும் வெளிய வரலாம். அந்தக் குஞ்சு ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள ஒரு மீனைப் பிடிச்சாகணும், இல்லன்னா செத்துடும்.

இதுல யூவிக்கு சிக்கறது அந்தக் கடைசி ஆளு மட்டும்தான், அதாவது தண்ணில நீந்துற குஞ்சு, அதுவும் குழாய்க்குள்ள வந்தாத்தான். தோலுக்குள்ள இருக்கறதையோ மணல்ல ஒட்டினதையோ அந்த வெளிச்சம் தொடவே தொடாது. வாட்டை ரெண்டு மடங்காக்கினாலும் இது மாறாது.

உங்க ஃப்ளோவும் ரொம்ப வேகம். யூவி குழாய்க்குள்ள ஒரு லிட்டர் தண்ணி பிடிக்குதுன்னு வச்சுக்கோங்க, மணிக்கு 2000 லிட்டர் ஓடினா ஒரு சொட்டு தண்ணி பல்பு முன்னாடி ரெண்டு செகண்ட் கூட நிக்காது. பாக்டீரியாவுக்கும் மிதக்குற பாசிக்கும் கம்மி டோஸ் போதும், இந்த மாதிரி ஒட்டுண்ணிக்கு அதைவிட ரொம்ப ஜாஸ்தி வேணும். தனியா ஒரு சின்ன பம்ப் போட்டு மணிக்கு 500 லிட்டருக்கு கொண்டு வந்தா ஏழு செகண்ட் கிடைக்கும். சரி, 500 ஓடுதே, டேங்க்ல 250தானே, மணிக்கு ரெண்டு தரம் மொத்தத் தண்ணியும் போயிடுமேன்னு தோணும். அப்படி இல்ல, போன தண்ணி திரும்பி வந்து போகாத தண்ணியோட கலந்துக்கிட்டே இருக்குல்ல, அதனால 250 லிட்டர் ஓடி முடியும்போது கூட கிட்டத்தட்ட 37 சதவீதத் தண்ணி பல்பையே பாத்திருக்காது. அந்த நேரத்துல மீன் பக்கத்துலயே கூடு உடைஞ்சா குஞ்சு நேரா மீனுக்குப் போயிடும்.

இப்ப செய்ய வேண்டியது: எல்லா மீனையும் வெளிய எடுங்க. நல்லா இருக்கற மாதிரி தெரியற மீனையும்தான், ஒண்ணு உள்ள இருந்தாலும் கிருமி அதை வச்சே வாழ்ந்துடும். கல்லு, கோரல், நத்தை, இறால் எல்லாம் அப்படியே இருக்கட்டும், மீனே இல்லாம 76 நாள் விடுங்க. ரொம்ப நாள்னு எனக்கும் தெரியும், ஆனா சில கூடு ரெண்டு மாசம் தாண்டியும் உடையும், அதனாலதான் அந்தக் கணக்கு.

மீனுக்கு ரெண்டு பெரிய பிளாஸ்டிக் டப் போதும், மணலும் கல்லும் வேணாம், ஒளிஞ்சுக்க ஒரு பிவிசி பைப் துண்டும் ஏர் ஸ்டோனும் போதும். அதே உப்பு அளவு, அதே சூட்டுல புதுத் தண்ணி கலக்கி வச்சுக்கிட்டு சரியா 72 மணி நேரத்துக்கு ஒரு தரம் மீனை மட்டும் அடுத்த டப்புக்கு மாத்துங்க, இப்படி நாலு தரம். பழைய தண்ணிய கொட்டிட்டு டப், வலை, ஏர் ஸ்டோன், பைப் எல்லாத்தையும் கழுவி வெயில்ல ஈரமே இல்லாம காய வைங்க, ஒரு கரண்டி பழைய தண்ணி கூட புது டப்புக்குப் போகக் கூடாது. விழுந்த கூடு உடையறதுக்கு குறைஞ்சது மூணு நாள் ஆகும், அதுக்குள்ள மீன் அங்க இருக்காது, இவ்வளவுதான் இதோட சூட்சுமம். டாங்குக்கு காப்பர் மருந்து அவ்வளவா ஒத்துக்காது, அதனாலதான் இந்த வழிய மொதல்ல சொல்றேன். ஆனா மேல மாவு தூவின மாதிரி பொடிப்பொடியா இருந்து மீன் வேக வேகமா மூச்சு வாங்குச்சுன்னா அது வெல்வெட்ங்கற வேற ஒட்டுண்ணி நோய், அதுக்கு டப் மாத்தறது பத்தாது, தனி டேங்க்ல காப்பர்தான், டெஸ்ட் கிட் வச்சு அளந்து போடணும், அந்த டேங்க்ல யூவி ஓடக் கூடாது, சில மருந்தை அது சிதைச்சிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. என் மொத டேங்க்ல யூவிய நம்பி மூணு வாரம் காத்திருந்து ஆறு மீனைப் பறிகொடுத்தேன், டப்போட செலவு அந்த யூவி விலைல கால்வாசி கூட வந்திருக்காது.

இன்னொண்ணு, ப்ளூ டாங் ஒரு அடி வரைக்கும் வளரும், 250 லிட்டர் அதுக்குப் பத்தாது. நெருக்கடில இருக்கற மீனுக்குத்தான் இது அடிக்கடி வரும். யோசிங்க.

கேள்வி: என் யூவி பல்பு ரெண்டு வருஷமா நீலமா நல்லா எரியுது. மாத்தணுமா? - மதுரை வாசகி

பதில்: மாத்தணும்மா, போன வருஷமே மாத்தியிருக்கணும். நீங்க பாக்கற நீலம் கிருமியக் கொல்ற வெளிச்சம் இல்ல. கொல்றது 254 நானோமீட்டர், அது கண்ணுக்கே தெரியாது. பல்பு பழசாகப் பழசாக அது குறைஞ்சுக்கிட்டே போகும், நீலம் மட்டும் அப்படியே இருக்கும். பொதுவா 8000, 9000 மணி நேரம்னு சொல்வாங்க, ஒரு வருஷத்துக்கே 8760 மணி நேரம் இருக்கு, அதனால மாட்டின தேதிய டப்பா மேலயே எழுதி வைங்க. பல்பைச் சுத்தி இருக்கற குவார்ட்ஸ் கண்ணாடில வெள்ளையா உப்பும் சுண்ணாம்பும் படிஞ்சிருந்தா புது பல்பு போட்டும் பிரயோஜனம் இல்ல, வினிகர்ல ஊற வச்சு மெதுவா துடைங்க. அது உடைஞ்சா சாதாரணக் கண்ணாடிக் குழாய் போட்டுச் சமாளிக்காதீங்க, அது இந்த வெளிச்சத்தை உள்ளயே நிறுத்திடும்.

திறக்கறதுக்கு முன்னாடி பிளக்கையே பிடுங்கிடுங்க. எரியற பல்பை ஒரு நிமிஷம் பாத்தா கூட ராத்திரி கண்ணுல மணல் கொட்டின மாதிரி வலிக்கும். வீட்ல குழந்தைங்க இருந்தா ரொம்ப ஜாக்கிரதை. பம்பும் யூவியும் ஒரே ஸ்விட்ச்ல இருக்கட்டும், இன்வெர்ட்டர்ல யூவி மட்டும் எரிஞ்சு பம்ப் நின்னுட்டா உள்ள இருக்கற தண்ணி சூடாயிடும்.

கேள்வி: யூவி போட்டா நல்ல பாக்டீரியாவும் செத்துடுமா? - நாகர்கோவில் வாசகர்

பதில்: அம்மோனியாவத் தின்ற பாக்டீரியா கல்லுலயும் மணல்லயும் ஒட்டித்தான் இருக்கும், தண்ணில மிதக்கறது ரொம்பக் கம்மி, அதனால ஓடிட்டு இருக்கற டேங்குக்கு பயம் இல்ல. கடைல பாட்டில்ல விக்கற நல்ல பாக்டீரியா ஊத்தினா மட்டும் அது போய் ஒட்டற வரைக்கும் ரெண்டு மூணு நாள் ஆஃப் பண்ணி வைங்க. கோரலுக்கு தீனியா பைட்டோபிளாங்க்டன் (மிதக்கற நுண்பாசி) ஊத்தற அன்னிக்கும் சில மணி நேரம் ஆஃப்.

கேள்வி: பெசன்ட் நகர் பீச்ல தண்ணி எடுத்து யூவில ஓட்டிட்டு டேங்க்ல ஊத்தலாமா?

பதில்: வேணாம். பக்கத்துலயே அடையாறு கடல்ல கலக்குது. யூவி கிருமியக் குறைக்கும், ஆனா அந்தத் தண்ணில இருக்கற நைட்ரேட், பாஸ்பேட், எண்ணெய், உலோகம் எதையும் எடுக்காது. மழைக்காலத்துல உப்பு அளவும் இறங்கிடும். ஆர்ஓ தண்ணில கடல் உப்பு கலந்து ஒப்படர்த்திய (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.025க்கு கொண்டு வந்து ஊத்துங்க.