தரகருக்குப் பணமும் வேண்டாம், படத்தில் கத்தரியும் வேண்டாம்

கேள்வி: நண்பர்கள் பணம் போட்டு, லாக்கப்பில் சித்திரவதைப்பட்ட ஓர் இளைஞனைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறோம். ‘இவ்வளவு அடிக்குச் சென்சாரில் ஏ (பெரியவர்களுக்கு மட்டும்) சான்றிதழ்தான் வரும், டிவி ரைட்ஸ் போகாது, பணம் கொடுத்தால் யுஏ (பெற்றோர் வழிகாட்டலோடு சிறுவர்களும் பார்க்கலாம்) வாங்கித் தருகிறேன்’ என்கிறார் ஒருவர். லாக்கப் காட்சிகளை நாங்களே குறைத்துவிடலாமா?

பதில்: குறைக்காதீர்கள். அந்த ஆளுக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். விண்ணப்பமும் கட்டணமும் சென்சார் போர்டின் இ-சினிபிரமாண் இணையதளத்திலேயே முடிகிறது, தயாரிப்பாளரே செய்யலாம். மும்பை சென்சார் லஞ்சப் புகாரில் 2023-ல் சிபிஐ வழக்குப் போட்டபோது, பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டவர்கள் இப்படி நடுவில் நின்ற தனி ஆட்கள்தான். யுஏ நிச்சயம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வன்முறையைக் காட்டுவது குற்றமில்லை. அதைக் கொண்டாடுகிறதா, தேவையில்லாமல் இழுக்கிறதா என்பதையே சென்சாருக்கான 1991 நெறிமுறைகள் கேட்கின்றன. படத்தை முழுதாக வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்றும் சொல்கின்றன. ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கையில் வைத்திருங்கள். லத்தி அடி எத்தனையாவது நிமிடம், அதை எடுத்துவிட்டால் பின்னால் ஜீப் சத்தம் கேட்டதும் அவன் ஏன் உறைந்து நிற்கிறான் என்பது எப்படிப் புரியாமல் போகும் என்று எழுதுங்கள். படம் பார்த்தபின் சென்சார் குழு உங்களிடம் பேசும்போது அதுதான் உதவும். கட் கேட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

பாலியல் வன்முறை மட்டும் வேறு. அதைத் தவிர்க்க வேண்டும், கதைக்கு அவசியமென்றால் மிகக் குறைவாக, விவரம் காட்டாமல் வைக்க வேண்டும் என்பது விதி. அதற்காகத் தொடவே கூடாது என்று பொருளில்லை. பூலான் தேவியைப் பற்றிய ‘பண்டிட் குயின்’ படத்தின் வழக்கில், அவருக்கு நேர்ந்த அவமானத்தைக் காட்டும் நிர்வாணக் காட்சி ஆபாசத்தில் சேராது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் ஏ சான்றிதழை நிலைநிறுத்தியது. உங்கள் படத்திலும் அப்படி ஒரு காட்சி இருந்தால், கேமரா பாதிக்கப்பட்டவரின் உடம்பில் மேய்கிறதா என்று மட்டும் திரும்பப் பாருங்கள். மேய்ந்தால் அந்த ஷாட்டை எடுத்துவிடுங்கள். சென்சார் கேட்காவிட்டாலும் எடுக்க வேண்டியதுதான்.

சரி, ஏ வந்தால்? தியேட்டர் பிரதி அப்படியே இருக்கட்டும். டிவிக்கென்று குறைத்துத் தனிச் சான்றிதழ் கேட்க, சினிமா சட்டத்தில் 2023-ல் வந்த திருத்தம் வழிவிடுகிறது.

முடிவு பிடிக்காவிட்டால், படத்தை மறுபடி பார்க்கும் ரிவைசிங் கமிட்டிக்குப் போகலாம். அதற்குமேல் முறையிட இருந்த தீர்ப்பாயத்தை 2021-ல் கலைத்துவிட்டார்கள். இனி உயர் நீதிமன்றம்தான். வட்டிக்கு வாங்கிப் படமெடுத்தவன் வக்கீல் பீஸுக்கு எங்கே போவான்? இந்த அநியாயத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். சான்றிதழ் கைக்கு வரும்வரை ரிலீஸ் தேதியை அறிவிக்காதீர்கள். தேதி நெருங்கிவிட்டால் எந்தக் கட்டுக்கும் தலையாட்டத்தான் தோன்றும்.