சிறுநீரகக் கல்லை எடுத்த பிறகு மீண்டும் இரத்தம் வருவது ஏன்?

முதுகில் துளையிட்டுக் கல்லை எடுத்து 10 நாள் ஆகிறது, நின்றிருந்த இரத்தம் இன்று சிறுநீரில் மறுபடி நிறைய வருகிறது, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நாளைக்குத் தள்ள வேண்டாம்.

இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. துளையிடும்போது ஒரு சிறு தமனியின் சுவரில் கீறல் விழுந்தால், உறைந்த இரத்தம் அதை அடைத்துக்கொள்ளும். நாளடைவில் அது கரையும்போது, பலவீனமான அந்த இடம் குமிழ்போல் உப்பி உடைகிறது. சில சமயம் தமனியும் சிரையும் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதும் உண்டு. 1 முதல் 3 வாரத்துக்குள் திடீரென்று வரும் இரத்தப்போக்குக்குப் பெரும்பாலும் இவையே காரணம். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் நாளத்தை மட்டும் அடைத்துவிடுவார்கள். சிறுநீரகத்தை அநேகமாகக் காப்பாற்றிவிடலாம்.

உள்ளே ஸ்டென்ட் (சிறுநீர் தடையின்றி இறங்கச் சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே வைக்கும் மெல்லிய குழாய்) இருப்பவர்களுக்குப் படியேறிய பின் சிறுநீர் இளஞ்சிவப்பாகி, தண்ணீர் குடித்ததும் தெளிவது வழக்கம்தான். அடர்சிவப்பு, புழுபோல் நீண்ட இரத்தக்கட்டிகள், சிறுநீர் அடைப்பு, எழுந்தால் தலைசுற்றல், காய்ச்சல் என்றால் கதை வேறு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், மருத்துவரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.