அறுபது தாண்டியவர்கள் தினமும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் மனச்சோர்வு வராதா?

உடம்பில் பி12-உம் ஃபோலேட்டும் (இதுவும் ஒரு பி வைட்டமின்தான்) போதுமான அளவு இருக்கிறவர்களுக்கு வராமல் தடுக்காது. குறைபாடு இருந்தால் கதை வேறு.

இந்த நம்பிக்கை சும்மா கிளம்பியதில்லை. இந்த இரண்டும் குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்கிற ஒரு அமினோ அமிலம் ஏறும். மனச்சோர்வு உள்ள முதியவர்கள் பலரிடம் அது ஏறியிருந்ததையும் கவனித்தார்கள். சரி, அதை இறக்கிவிட்டால் போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும். அமெரிக்காவில் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். இதய நோய் உள்ள, அல்லது வரும் வாய்ப்பு அதிகமுள்ள, ஆனால் மனச்சோர்வு இல்லாத 4,331 பெண்கள். சராசரி வயது 63-க்கு மேல். ஒரு பிரிவுக்கு தினமும் 2.5 மி.கி. ஃபோலிக் அமிலம் (மாத்திரையில் வரும் ஃபோலேட்), 50 மி.கி. பி6, 1 மி.கி. பி12, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. சராசரியாக 7 ஆண்டுகள் கொடுத்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். ஹோமோசிஸ்டீன் இறங்கியது. மனச்சோர்வு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் வந்தது.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. 2014-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 50 வயதைத் தாண்டிய 153 நோயாளிகளுக்கு சிட்டலோப்ராம் என்கிற மனச்சோர்வு மருந்தோடு பி வைட்டமின்களையோ வெறும் மாத்திரையையோ கொடுத்தார்கள். 12 வாரத்தில் வித்தியாசமில்லை. ஓராண்டு முடிவில் வைட்டமின் எடுத்தவர்களில் 85.5 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், மற்றவர்களில் 75.8. சின்ன ஆய்வுதான். அதிலும் வைட்டமின் துணைக்குத்தான் போனது, மருந்துக்குப் பதிலாக இல்லை.

ஆகவே மாத்திரை தொடங்குவதற்கு முன்பே பி12 பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். வயதாக ஆக இரைப்பையில் அமிலம் குறைந்து, உணவிலுள்ள பி12 சரியாகப் பிரிந்து வராது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வருடக்கணக்கில் போடுகிறவர்களும், பால், முட்டைகூடத் தொடாதவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும். சோர்வோடு கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்புகள் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

அப்புறம் பயோட்டின், பி காம்ப்ளெக்ஸில் இருக்கும் இன்னொரு பி வைட்டமின். தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும் என்பதால் என் மாமியாருக்கு அந்தப் பரிசோதனையும் எடுத்தோம். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் அளவு மிகக் குறைவாக வந்தது, அதாவது தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்கிற மாதிரி. டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார். "அம்மா, வேற என்ன மாத்திரை போடுறீங்க?" அத்தை கைப்பையிலிருந்து எடுத்த அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் பயோட்டின், அதுவும் 10 மி.கி. அந்த அளவு பயோட்டின் சில பரிசோதனை முறைகளைக் குழப்பிவிடும். நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்து எடுத்தபோது அளவு சரியாக இருந்தது.

பி6-ஐயும் அதிக அளவில் மாதக்கணக்காகப் போடாதீர்கள், அதுவே கை கால் மரத்துப்போக வைக்கும். எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, பசியில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.