மெக்கர் காட்டும் அளவும் வைண்டிங்கின் சூடும்: கேள்வி-பதில்

காலையில் மோட்டாருக்கு மெக்கர் (இன்சுலேஷன், அதாவது மின்கசிவைத் தடுக்கும் உறையின் தடையை அளக்கும் கருவி) போட்டபோது 200 மெகா ஓம். மோட்டார் ஓடி நின்றதும் 35தான் வந்தது. இன்சுலேஷன் போய்விட்டதா?

இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சூடேறினால் வைண்டிங்கில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளில், செம்பின் தடை கூடும். இன்சுலேஷனின் தடையோ மளமளவென்று குறையும். தார் சேர்த்த பழைய வகை வைண்டிங்குகளில் 10 டிகிரி ஏறினால் அளவு பாதியாகும் என்பது நெடுநாள் கணக்கு. மோட்டார் இன்சுலேஷன் சோதனைக்கான ஐ.ஈ.ஈ.ஈ. 43 தரநிலை, எடுத்த அளவை 40 டிகிரி செல்சியஸுக்கு மாற்றிய பிறகே ஒப்பிடச் சொல்கிறது. காலையில் வைண்டிங் 25 டிகிரியில் இருந்திருந்தால் இந்தப் பாதிக் கணக்குப்படி 200ஐ 0.354ஆல் பெருக்குங்கள்: 71. நின்றபோது 50 டிகிரி என்றால் 35ஐ இரண்டால் பெருக்குங்கள்: 70. அப்படியானால் இன்சுலேஷன் காலையில் இருந்தபடியேதான் இருக்கிறது.

எங்களுடையது எப்பாக்ஸி வைண்டிங். அதற்கும் இதே பாதிக் கணக்குதானா?

இல்லை. அதற்கென்று அந்தத் தரநிலையின் 2013 பதிப்பில் தனிச் சூத்திரம் இருக்கிறது. 25 டிகிரியில் எடுத்த 100 மெகா ஓம், அந்தச் சூத்திரப்படி சுமார் 82 ஆகும். பாதிக் கணக்கில் 35 ஆகிவிடும். நல்ல மோட்டாரைக் கெட்டது என்று ஒதுக்க இந்த வித்தியாசமே போதும்.

எந்த வெப்பநிலையை எழுதுவது? அறையின் வெப்பநிலை போதுமா?

வைண்டிங்கின் வெப்பநிலைதான் வேண்டும். உள்ளே ஆர்.டி.டி. (வெப்பநிலை உணரி) இருந்தால் அதைப் பாருங்கள். ஒரு நாளுக்கு மேல் ஓடாமல் கிடந்த சிறிய மோட்டார் என்றால் அறையின் வெப்பநிலையையே எடுத்துக்கொள்ளலாம். இப்போதுதான் நின்றது என்றால் வெளிக்கூட்டைத் தொட்டு அளந்த எண்ணை நம்பாதீர்கள். உள்ளே அதைவிடச் சூடாக இருக்கும்.

மழையில் நனைந்த மோட்டார் 2 மெகா ஓம் காட்டுகிறது. 40 டிகிரிக்குத் திருத்தம் செய்து பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். திருத்தக் கணக்கு உலர்ந்த இன்சுலேஷனுக்கு மட்டும்தான். வைண்டிங்கின் மேல் ஈரம் இருந்தால் மின்சாரம் மேற்பரப்பு வழியாகவே கசியும். எந்தப் பெருக்கல் எண்ணாலும் அதைச் சரிசெய்ய முடியாது. நனையாத மோட்டாராக இருந்தாலும், வைண்டிங் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே குளிர்ந்திருந்தால் இதே கதைதான். ஹீட்டர் போட்டு மெல்ல உலர்த்துங்கள். முதலில் அளவு இன்னும் இறங்கும், பயப்படாதீர்கள். சூடு ஏறுவதால் வரும் இறக்கம் அது. பிறகு ஈரம் வெளியேற வெளியேற ஏறத் தொடங்கும், கடைசியில் ஓரிடத்தில் நிலைக்கும். அதுவரை மோட்டாரை ஓட்டாதீர்கள்.

போலரைசேஷன் இண்டெக்ஸுக்கும் திருத்தம் உண்டா?

பொதுவாகத் தேவையில்லை. அந்த இண்டெக்ஸுக்கு, தொடர்ந்து மெக்கர் போட்டு எடுத்த 10ஆவது நிமிட அளவை முதல் நிமிட அளவால் வகுக்கிறோம். இடையில் வெப்பநிலை மாறாவிட்டால் திருத்த எண் இரண்டிலும் அடிபட்டுப் போகும். ஆனால் 10 நிமிடச் சோதனை முடிந்ததும் குறைந்தது 40 நிமிடமாவது வைண்டிங்கை எர்த் செய்து வையுங்கள். உள்ளே தங்கும் சார்ஜ் ஆளை அடிக்கும்.

கேபிளுக்கு?

மோட்டாரின் எண்ணைக் கேபிளுக்குப் போடக் கூடாது. இன்சுலேஷன் பி.வி.சி. என்றால் ஒன்று, எக்ஸ்.எல்.பி.ஈ. பிளாஸ்டிக் என்றால் வேறொன்று, தயாரிப்பாளர் தரும் அட்டவணையைப் பாருங்கள். நீளத்தையும் மறக்காதீர்கள். 500 மீட்டரில் 200 மெகா ஓம் காட்டும் கேபிள், அதே வெப்பநிலையில் 1 கிலோமீட்டருக்கு 100தான் காட்டும்.