ஊட்டியில் காற்றுப் புகாத புது வீடு: 20 டிகிரியிலும் ஏன் குளிர்கிறது?

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டும், வெப்பமானி 20 டிகிரி காட்டியும் குளிர்கிறது, காலையில் தலை பாரமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெப்பமானி காற்றைத்தான் அளக்கிறது. பக்கத்துக் கருங்கல் சுவர் 14 டிகிரியில் இருந்தால் உடம்புச் சூடு கதிர்வீச்சாக அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். டேபிள் டென்னிஸ் பந்து ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, உள்ளே வெப்பமானி முனையைச் செருகி, கட்டில் பக்கம் தொங்கவிடுங்கள். அரை மணி கழித்து அது காற்றைவிடக் குறைவாகக் காட்டினால் குற்றவாளி சுவர்தான். ஈரப்பதம், காற்றின் வேகம், ஸ்வெட்டர், செய்யும் வேலை எல்லாம் கணக்கில் உண்டு. ஆனாலும் என் சந்தேகம் சுவர் மேல்தான்.

சரி, தலை பாரம். கார்பன் டை ஆக்சைடு மீட்டரை இரவு முழுக்க படுக்கையறையில் வையுங்கள். வெளியே சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) இருக்கும். உள்ளே 1000-ஐத் தாண்டி நின்றால் காற்று போதிய அளவு மாறவில்லை. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அகச்சிவப்புக் கதிரால் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் மீட்டரில் உயரத்தைப் பதிவு செய்யாவிட்டால் அளவைக் குறைத்துக் காட்டும். நானே ஒரு மாதம் அதை நம்பி ஏமாந்தேன்.

அப்புறம், வீட்டுக்குள் கரி அடுப்போ கேஸ் கீசரோ இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அவற்றிலிருந்து வரக்கூடிய விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, இந்த மீட்டரும் காட்டாது. அதற்குத் தனி அலாரம் வேண்டும்.