"எவ்வளவு வாங்குறீங்க?"ன்னு கேட்டா ஏன் முகம் சுளிக்கிறோம்: இசை வாசிக்கிறவங்க காசு பேசுறது பத்தி கேள்வி பதில்

போன மாசம் இங்க சிங்கப்பூர்ல ஒரு சமூக மன்றத்துல பாலிடெக்னிக்ல படிக்கிற பசங்க பத்து பன்னெண்டு பேரோட பேசிட்டு இருந்தேன். ஒருத்தன் நேரா கேட்டான், அங்கிள் ஒரு கல்யாண டின்னருக்கு நீங்க எவ்வளவு வாங்குவீங்கன்னு. 350 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், சவுண்ட் செக்ல இருந்து கடைசி பாட்டு வரைக்கும், டாக்சி காசு தனின்னு சொன்னேன். ரூம்ல சத்தமே இல்ல. முடிஞ்சு வெளிய வந்தப்ப ஒரு பெரியவர் என் கையப் புடிச்சுகிட்டு "தம்பி, இதெல்லாம் பசங்க முன்னாடி பேசலாமா"ன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு. நல்ல மனுஷன், எனக்கு அவர் மேல கோவம் இல்ல. ஆனா அந்தக் கேள்விய விட்டுட்டுப் போகவும் மனசு வரல. 27 வருஷமா தபேலா, டோலக் வாசிக்கிறேன், கல்யாணம், கோயில், அரங்கேற்றம், டிவி எல்லாம் பாத்தாச்சு. அதுக்கப்புறம் நிறைய பேரு கேள்வி அனுப்பினீங்க, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.

கீபோர்டு வாசிக்கிற தம்பி, 19 வயசு, ஈசூன்: அண்ணே, யாராவது "எவ்வளவு எடுப்ப"ன்னு கேட்டா வாய்லயே வர மாட்டேங்குது. அம்மா வேற சரஸ்வதிய காசுக்கு விக்காதடாங்கிறாங்க. காசு பேசுறது நெஜமாவே தப்பா?

தப்பு இல்ல தம்பி. அம்மா சொல்றது எங்கேருந்து வருதுன்னு பாத்தா உனக்கே புரியும். நம்ம எல்லாருக்கும் சின்ன வயசுல சொல்ற கதை தியாகராஜர் கதை, சரபோஜி மன்னர் கூப்பிட்டும் போகல, நிதியா ராமன் சன்னதியான்னு பாடினார்னு. அது பெரிய விஷயம், நானும் கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா அத முடிவு பண்ணது அவரு. உஞ்சவிருத்தி எடுத்து, ஊர் ஜனங்க போட்ட அரிசில சாப்பிட்டு, இப்படித்தான் வாழப்போறேன்னு அவரே எடுத்த முடிவு. ஈவென்ட் நடத்துறவரு உனக்காக அந்த முடிவ எடுக்க முடியாது இல்லையா.

அதே தஞ்சாவூர்ல பெரிய கோயில் சுவத்துல என்ன இருக்கு தெரியுமா? ராஜராஜ சோழன் கல்வெட்டு. திருப்பதியம் பாட 48 பேரு, உடுக்கை வாசிக்க ஒருத்தர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருத்தர், ஆக 50 பேருக்கு ஆளுக்கு தினம் மூணு குறுணி (அந்தக் கால அளவு) நெல்லுன்னு செதுக்கி வச்சிருக்காங்க. ஆடுறவங்க 400 பேருக்கு வீடு, ஒரு பங்குக்கு வருஷம் 100 கலம் நெல்லு. கோயில்ல சாமி முன்னாடி பாடுறவங்க சம்பளம், எல்லாரும் பாக்குற மாதிரி கல்லுல, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி! எனக்கு மத்தளம் வாசிச்ச அந்த ஒருத்தர நெனைச்சாலே நெஞ்சு நெறையுது, ஏன்னா அவரு என்ன வாங்கினாருன்னு எனக்குத் தெரியும், ஆனா போன சனிக்கிழமை என் பக்கத்துல உக்காந்து வாசிச்ச பையன் என்ன வாங்கினான்னு எனக்குத் தெரியாது.

இன்னும் பின்னால போனா ஆற்றுப்படை. பத்துப்பாட்டுல பாதி, அஞ்சு பாட்டு, ஆற்றுப்படை தான். அதுல திருமுருகாற்றுப்படைய எடுத்துட்டா மிச்சம் நாலும் என்னன்னா, பரிசில் வாங்கிட்டு வர்ற பாணனோ பொருநனோ கூத்தனோ வழியில பசியோட வர்ற இன்னொரு கலைஞனப் பாத்து, இந்த ராஜாகிட்ட போ, இந்த வழியா போ, எனக்கு இன்னது குடுத்தான், உனக்கும் குடுப்பான்னு சொல்றது. அத ஒரு இலக்கிய வகையாவே வச்சிருந்தோம் தம்பி. நான் பாலி பசங்ககிட்ட பண்ணது அதுதான்.

அம்மாகிட்ட சண்டை போடாத. அவங்க பயம் வேற, காசு பேச ஆரம்பிச்சா புள்ளைக்கு பக்தி போயிடுமோன்னு. தினமும் ப்ராக்டிஸ் பண்றத அவங்க கண்ணு முன்னாடி பண்ணு, அது போதும்.

வயலின் கத்துக்கிற பொண்ணோட அம்மா, தெம்பனிஸ்: என் மக ஒரு நிகழ்ச்சிக்கு 120 வெள்ளி வாங்கினான்னு இன்னொரு அம்மாகிட்ட சொன்னேன், அடுத்த நாளே "பீத்திக்கிறாங்க"ன்னு பேச்சு. கண்ணு படும்னு என் மாமியாரும் திட்டுறாங்க. சொல்லியிருக்கக் கூடாதோ?

நீங்க சொன்னது நல்லது மா. பீத்திக்கிறதுக்கும் தகவல் சொல்றதுக்கும் வித்தியாசம் எங்க இருக்குன்னா, யாருகிட்ட எதுக்கு சொல்றோங்கிறதுல. அந்த அம்மாவோட புள்ளையும் வாசிக்குதுன்னா, அவங்களுக்கு அது தேவையான தகவல்.

எனக்கு நடந்தத சொல்றேன். 2000களோட ஆரம்பம், ஒரு பொங்கல் நிகழ்ச்சி, அடுக்குமாடி வீட்டுக்குக் கீழ இருக்கிற வாய்ட் டெக்ல மேடை. நாங்க தாளக்காரங்க மூணு பேரு, ஒரே ரிகர்சல், ஒரே மேடை, ஒரே நேரம். முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு கவர் குடுத்தாங்க, சீனங்க அன்பளிப்பு வச்சுக் குடுக்கிற அந்த சிவப்பு ஆங்பாவ் கவர் தான், நம்ம ஆளுங்களும் இங்க அதுலயே குடுத்துப் பழகியாச்சு. யாரும் பிரிக்கல, மேடைக்குப் பின்னால பிரிக்கிறது அசிங்கம்னு எங்களுக்கு நெனப்பு. மூணு வருஷம் கழிச்சு கோப்பி கடையில பேச்சுவாக்குல வந்துச்சு. ஒருத்தருக்கு 150, எனக்கு 80, தவில் வாசிச்ச பையனுக்கு 40. அவன் அப்ப என்எஸ்ல, கட்டாய தேசிய சேவையில இருந்தான், லீவு எடுத்து வந்து வாசிச்சான். 150 வாங்கினவரு அப்படியே டம்ளர கீழ வச்சுட்டாரு, "எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் கேட்டிருப்பேனேடா"ன்னாரு. அவரு முகம் இன்னும் ஞாபகம் இருக்கு. அந்த மூணு வருஷமா அதே பையன் அதே 40க்கு வாசிச்சுட்டு இருந்தான், ஏன்னா எங்க யாருக்குமே வாய் இல்ல. பேசாம இருக்கிறது மரியாதைன்னு நாம நெனைக்கிறோம், அந்த மரியாதைக்கு விலை குடுக்கிறது எப்பவும் சின்னப் பசங்க தான்.

கண்ணு படுறதப் பத்தி, மாமியாருக்காக சுத்திப் போட்டுடுங்க, அதுல ஒண்ணும் குறைஞ்சு போகாது. ஆனா சொல்றத நிறுத்தாதீங்க.

பாடகி, ஜூரோங்: அண்ணே, என் கூடப் பாடுற ஆம்பள 400 கேட்டா ப்ரொஃபஷனல், நான் 400 கேட்டா "ரொம்ப திமிரு, காசுலயே குறி". இது எனக்கு மட்டும் தானா?

உங்களுக்கு மட்டும் இல்ல தங்கச்சி. இதுக்கு வேர் ஆழமா இருக்கு. ஒரு காலத்துல மேடையில ஆடிப் பாடி காசு வாங்கின பொம்பளைங்கன்னா சதிர், அதாவது பரதநாட்டியத்தோட பழைய வடிவம், ஆடின குலத்துக்காரங்க தான், அவங்கள எப்படிப் பேசினாங்கன்னு நமக்குத் தெரியும். அப்புறம் "குடும்பப் பொண்ணுங்க" பாட வந்தப்ப, நாங்க காசுக்கு வரல கலைக்கு வந்தோம்னு காட்டிக்க வேண்டிய கட்டாயம் அவங்களுக்கு இருந்துச்சு. அந்தக் கட்டாயம் இன்னும் உங்க தோள் மேல உக்காந்திருக்கு, அதுவும் கடல் தாண்டி சிங்கப்பூர் வந்தும்.

எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவப் பாரு எவ்வளவு தர்மம் பண்ணாங்கன்னு உதாரணம் காட்டுவாங்க. உண்மை தான், கச்சேரி வருமானத்த எத்தனையோ காரியத்துக்குக் குடுத்தாங்க, 1974ல மகசேசே விருதே பொது சேவைக்குத் தான் வந்துச்சு. ஆனா அவங்க பேருக்கு ஒரு தொகை இருந்ததால தான குடுக்க முடிஞ்சது. குடுக்கணும்னா முதல்ல அது நம்ம கைக்கு வரணும்.

அப்புறம் கூடப் பாடுற அந்த ஆம்பளைகிட்ட பேசுங்க. அவரே முதல்ல "எங்க ரெண்டு பேருக்கும் இதே ரேட்"னு சொல்லட்டும். நான் என் குழுவுல வர்ற பாடகிங்களுக்கு இதத்தான் பண்றேன், சண்டையே வர்றதில்ல.

கோயில் தொண்டர், சிராங்கூன்: கோயிலுக்கும் காசு கேப்பீங்களா?

நான் தைப்பூசத்துக்கு இதுவரை ஒரு வெள்ளி வாங்கினதில்ல, வாங்கவும் மாட்டேன். 2016ல ஊர்வலப் பாதையில மூணு இடத்துல நேரடி இசைக்கு அனுமதி வந்தப்ப நான் அழுதேன், அதுக்கு முன்னாடி 1973ல தடை வந்ததுல இருந்து எத்தனை வருஷம் காவடி சத்தமில்லாம போச்சுன்னு நெனைச்சு. அது என் வேண்டுதல், என் கணக்கு. ஆனா தினமும் காலையில ஆறு மணிக்கு நாதஸ்வரம் வாசிக்கிறவருக்கு அது வேலை, அவரு ஊர்ல புள்ளைங்க படிக்குது. அவருக்கு சம்பளம் குடுத்துத் தான் ஆகணும். அவரப் போய் "சாமிக்குத் தானே"ன்னு பேசாதீங்க.

கட்டுமானத்துல வேலை பாக்குற தம்பி: நான் ஊர்ல உறுமி, பறை வாசிச்சவன். ஞாயித்துக்கிழமை கூப்பிடுறாங்க, 50 வெள்ளி தரேங்கிறாங்க. வாங்கலாமா?

வாங்காத தம்பி, தயவு செஞ்சு. உன் வேலை பெர்மிட்டு உன் முதலாளிகிட்ட உன் வேலைக்கு மட்டும் தான். வெளிய காசுக்கு வேலை பாத்தா சட்டப்படி 20,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். காசு இல்லாம வாசிக்கிறதா இருந்தாலும் முதல்ல மனிதவள அமைச்சுல கேட்டுக்க. கூப்பிடுறவங்களுக்கு சொல்றேன், 50 வெள்ளி குடுத்து ஒரு குடும்பத்தோட பொழப்புல கை வைக்காதீங்க.

பொண்ணோட அப்பா, உட்லண்ட்ஸ்: அடுத்த வருஷம் மக கல்யாணம். கலைஞர்கள்கிட்ட பேரம் பேசவும் கூச்சமா இருக்கு, கேக்காம விடவும் பயமா இருக்கு. தட்டுல வெத்தல பாக்கோட வச்சுக் குடுத்தா சரியா?

ஐயா, இப்படிக் கேட்டதுக்கே நன்றி. தட்டு நல்ல பழக்கம், விட்டுடாதீங்க. ஆனா அதுல எவ்வளவுங்கிறது தேதி குறிக்கிறப்பவே பேசி முடிச்சிருக்கணும். "பட்ஜெட் இவ்வளவு தான், இதுல என்ன முடியும்"னு கேளுங்க, அது பேரம் இல்ல, நேர்மை. பாதி முன்கூட்டி ஃபோன்லயே பேநவ்ல (PayNow) அனுப்பிடுங்க, மீதி அன்னைக்கே.

ஏன் அன்னைக்கேன்னா, ஒரு தடவ ராத்திரி 11:40க்கு ஒரு ஹோட்டல் லிஃப்ட் பக்கத்துல நாங்க அஞ்சு பேரு நின்னுட்டு இருந்தோம். கவரு மாப்பிள்ளையோட சித்தப்பா கையில, சித்தப்பா எங்கன்னு யாருக்கும் தெரியல. கீபோர்டு கேஸ் மேல பாடகி உக்காந்து செருப்ப கழட்டி காலப் புடிச்சுட்டு இருந்தா. போய்க் கேக்க எங்களுக்கு வெக்கம், கல்யாண வீடாச்சே. கடைசி எம்ஆர்டி ரயிலும் போச்சு. கடைசில அவரு வந்து, ஃபோன் பேசிட்டே, எங்க முகத்தக்கூட பாக்காம கவர நீட்டினாரு. காசு சரியா தான் இருந்துச்சு. ஆனாலும் மனசு கனத்துப் போச்சு.

புறநானூத்துல பெருஞ்சித்திரனார்ங்கிற புலவர் இதையே சொல்லியிருக்காரு. அதியமான்ங்கிற ராஜா நேர்ல பாக்காம பரிச மட்டும் அனுப்பினான், நான் வாணிகப் பரிசிலன், அதாவது பரிசுக்கு வியாபாரம் பண்றவன் இல்லன்னு அத வாங்க மறுத்துட்டாரு, தினை அளவு குடுத்தாலும் என் தகுதி அறிஞ்சு குடுத்தா அதுவே இனிதுன்னாரு. அதனால ஐயா, ரேட் பேசுங்க, அப்புறம் நேர்ல வந்து ரெண்டு வார்த்த சொல்லிக் குடுங்க. ரெண்டும் வேணும். சாப்பாடும் போடுங்க, பந்தி முடிஞ்சப்புறம் மிச்சத்த டாப்பாவ் (பொட்டலம்) பண்ணிக் குடுக்காம.

கிட்டார் வாசிக்கிறவர், பிடோக்: ஆறு மாசமாச்சு, 900 வெள்ளி வரல. கேட்டா "நம்ம ஆளுங்க தானே, எங்க போயிடப்போறோம்"ங்கிறாங்க.

வாட்ஸ்அப்ல தொகையும் தேதியும் ஒத்துகிட்ட மெசேஜ் இருக்கா? அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க. ஒரு கடைசி தேதி போட்டு எழுத்துல கேளுங்க. வரலன்னா சிறு கோரிக்கை மன்றம் இருக்கு, 20,000 வெள்ளி வரைக்கும் போகலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போயிடணும், வக்கீல் வச்சுக்கவும் முடியாது, நீங்களே பேசுவீங்க. அதுக்கு முன்னாடி டாட்எம்ல (TADM, வேலைத் தகராறு தீர்த்து வைக்கிற அமைப்பு) சமரசம் பேச வழி இருக்கு, சொந்தத் தொழில் பண்றவங்களுக்கும் பாக்குறாங்க. நம்ம ஆள் மேல கேஸ் போடலாமான்னு கேக்காதீங்க, நம்ம ஆளா இருந்தா குடுத்திருக்கணும்.

டிரம்ஸ், ஹவ்காங்: வரி கணக்கு காட்டணுமா அண்ணே, கைல தானே வாங்குறோம்.

காட்டணும். வருஷத்துக்கு செலவு போக 6,000 வெள்ளிக்கு மேல வந்தா மெடிசேவும் (மருத்துவச் சேமிப்பு) கட்டணும். 2020ல கொரோனா வந்தப்ப கச்சேரி ஒண்ணுகூட இல்லாம போச்சுல்ல, சொந்தத் தொழில்காரங்களுக்கு மாசம் ஆயிரம் வீதம் ஒம்பது மாசம் அரசாங்கம் குடுத்துச்சு. வருமானத்த ஒழுங்கா காட்டியிருந்தவங்க நிறைய பேருக்கு அது தானா வந்துச்சு. என் நண்பர் ஒருத்தர், இருபது வருஷமா வாசிக்கிறவரு, தான் வாசிச்சதுக்கு ஒரு துண்டுப் பேப்பர் இல்லாம பழைய கல்யாண வீடியோவெல்லாம் தேடிட்டு இருந்தாரு. வாங்கினதச் சொல்ல வெக்கப்பட்டது கடைசில அங்க வந்து நின்னுச்சு.

டோலக் வாசிக்கிற தம்பி, 16 வயசு, செங்காங்: தீபாவளி நிகழ்ச்சிக்கு மூணு ரிகர்சல், ஒரு ஷோ, மொத்தம் பத்து மணி நேரம். 40 வெள்ளியும் பிரியாணியும் குடுத்தாங்க. கம்மியா அங்கிள்? யாருகிட்டயும் கேக்க வெக்கமா இருக்கு.

மணிக்கு நாலு வெள்ளி. ஆமா தம்பி, கம்மி தான். குடுத்தவங்க மேல கோவப்படாத, நீ ஒரு நம்பர் சொல்லல, அவங்களும் கேக்கல. அடுத்த தடவ இப்படி எழுதி அனுப்பு: "வணக்கம் அண்ணே, கூப்பிட்டதுக்கு நன்றி. ரிகர்சல் ஒண்ணுக்கு இவ்வளவு, ஷோவுக்கு இவ்வளவு, டோலக் தூக்கிட்டு வர டாக்சி தனி. சரின்னா தேதிய குறிச்சுக்கிறேன்." அவ்வளவு தான், மன்னிப்பெல்லாம் கேக்காத. அந்த இவ்வளவுங்கிற இடத்துல என்ன போடுறதுன்னு தெரியலன்னா முதல்ல எனக்கு மெசேஜ் போடு. அந்த மேடையில நானும் வாசிச்சிருக்கேன், எனக்கு என்ன குடுத்தாங்கன்னு சொல்றேன்.